பதினேழாவது கிலோமீட்டர்

ஏழு மணிக்குச் சிவப்பு எச்சரிக்கை என்று
வானொலி சொன்னபோது மணி நாலேகால்.
ஏழுக்குமேல் தெருவில் ஒருவரும் இருக்கக்கூடாது.
நீ மலைமேல் இருந்தாய், தம்போனில்,
பெயர் வைக்கச் சலித்துப்போய்
ஊர்களுக்கு எண் மட்டும் போட்டுவிட்ட சாலையில்,
பதினேழாவது கிலோமீட்டரில்,
தாமியேன் என்கிற தச்சனின் வீட்டில்.
இறங்கிவரப் பார்த்தாயாம்.
ஓடை அதற்குள் பாலத்தின்மேல் ஏறிவிட்டது.

நமக்குள் ஒரே ஒரு சட்டம்.
உடம்பு எங்கே போனாலும்
தூக்கம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

வந்துவிடும்.
மூன்று மணிக்கானாலும் வரும்.
சாவியை ஓசையில்லாமல் திருப்ப
உனக்கு இன்றுவரை தெரியாது.
குளித்த ஈரத்தோடு
என் முதுகில் மூக்கை ஒட்டிக்கொண்டு
இரண்டே நிமிடத்தில் போய்விடுவாய்.
சில இரவுகளில் கதை உண்டு:
அவன் வீட்டில் ஏழு பூனை,
இவன் நடுவில் அம்மாவின் தொலைபேசியை எடுத்துவிட்டான்.
நான் சிரிப்பேன்,
போகப்போவதில்லாத ஊரின்
வானிலை கேட்பவனைப்போல.

காரைக்காலில் என்னை மூன்று மருத்துவரிடம் காட்டினார்கள்.
ரத்தத்தில் எல்லா எண்ணும் சரி.
லேகியக்காரர் ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டார்.
நிச்சயம் செய்த பெண்ணுக்கு
நான் எழுதிய கடிதத்தை
அவள் தம்பி வந்து திருப்பிக் கொடுத்தான், பிரிக்காமல்.

சென் பியேரில், என் கடைக்கு
மூக்குக்கண்ணாடிச் சட்டம் தளர்ந்துவிட்டதென்று
மூன்றாம் முறை வந்தாய்,
மஞ்சள் பேருந்தைக் குறுக்கே நிறுத்திவிட்டு.
திருகாணியை முறுக்கிக்கொண்டே சொன்னேன்:
எனக்கு அது வேண்டியிருப்பதில்லை.
யாரிடமும். எப்போதும்.
எனக்கு வேண்டும், அடிக்கடி, என்றாய்.
அதற்கு நீதான் வேண்டுமென்றில்லை.
பின்னால் பேருந்தில் யாரோ ஒலிப்பானை அமுக்கினார்கள்.
போகிற போக்கில் கேட்டாய்:
சூசூ சமைக்கத் தெரியுமா?
எங்கள் ஊரில் அது சௌசௌ.
அதுதான் ஒரேலி, நீ கற்ற முதல் தமிழ்ச் சொல்.

எட்டரைக்கு மின்சாரம் போனது.
ஒன்பதுக்கு உன் அழைப்பு.
அவனுக்குப் புரியக்கூடாதென்று தமிழில் பேசினாய்:
"இங்கேதான் தூங்கணும்."

படுக்கணும் என்றிருந்தால்
எனக்கு ஒன்றுமில்லை.
உனக்கு இரண்டு சொல்லும் தெரியும்.
கற்றுக்கொடுத்தவன் நான்தான்.
தூங்கணும் என்றாய்.
சன்னல் பலகையை யாரோ
வெளியிலிருந்து பிடித்து உலுக்கியது போலிருந்தது.
புயல்தான். ஆனாலும்.

அவனிடம் கொடு என்றேன்.

தாமியேன், கேட்டுக்கொள்.
அவளுக்குப் பாதம் குளிரும். காலுறை இரண்டு ஜோடி.
சுவர் அவளுக்கு இடப்பக்கம் இருக்கவேண்டும்.
பலகை அதிர்ந்தால் எழுந்து உட்காருவாள்,
ஒன்றும் கேட்காதே, தண்ணீர் கொடு.
கண்ணாடியைக் கழற்ற மறந்து தூங்கிவிடுவாள்.
நீ கழற்றித் தலைமாட்டில் வை.
மடக்கும்போது வலது கால் இறுக்கமாக இருக்கும், பார்த்து.

வெகுநேரம் காற்று மட்டும் கேட்டது.
நாலு மாதமாக வருகிறாள், என்றான்,
இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.
அவன் வெட்கப்பட்டான் என்று நினைக்கிறேன்.
என் பக்கத்தில் இணைப்பு அறுந்தது.

முப்பது மணி நேரம்.
உன் தலையணையை ஒருமுறை தட்டிப்போட்டேன்.
சமைக்கவில்லை. ரொட்டியை நின்றபடியே தின்றேன்.
பொறாமை என்றால் இதுதானா என்று
முப்பத்தெட்டு வயதில்
இருட்டில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாவி சத்தத்தோடு திரும்பியது.
முழங்கால்வரை சேறு.
தூங்கினாயா?
"நல்லாத் தூங்கினேன்," என்றாய்.
பொய் சொல்லத் தெரியாது உனக்கு.
கூரைத்தகடு பறந்த வீடாக
ஒரு கணம் நின்றேன்.
பிறகு கேட்டேன்: கண்ணாடி?

தலைமாட்டில் இருந்தது, என்றாய்.
துடைத்து வைத்திருந்தான்.